பதினாலாயிரம் காலடி

கிருபாசங்கருக்கு நாற்பத்தாறு வயது. நீலாம்பூர்ப் பக்கம் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு அவர் பொறுப்பு. மோட்டாரோ, ஸ்டார்ட்டரோ, தொட்டி நிறைந்ததும் தானாக நிறுத்துகிற மிதவை சுவிட்சோ, எதுவானாலும் அவர் கையெழுத்து விழாமல் கேட்டைத் தாண்டாது. அளக்காமலே அளந்ததாக எழுதினார்கள் என்று இரண்டு பேரை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தவர் அவர். "பொய் ரீடிங் எழுதறதுக்கு எழுதாமயே இருந்துக்கலாம்" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். பிற்பாடு அந்தப் பேச்சை நினைத்து அவருக்கே காது சூடாகிவிட்டது.

சீக்கு எப்போது தொடங்கியது என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போன ஆவணியாக இருக்கலாம். ஒருநாள் காலை போத்தனூரில் வீட்டிலிருந்து கிளம்பி, கம்பெனிக்கு வந்து, பைக்கை ஷெட்டில் நிறுத்தினார். இறங்க வேண்டும். இறங்கலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் சுப்பையன், சார் ஹெல்மெட்டுக்குள்ளேயே போனில் முக்கியமாக ஏதோ பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டு, பக்கத்தில் வண்டி நிறுத்த வந்தவர்களையெல்லாம் சத்தம் போடாமல் அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார். மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள் சுப்பையன் ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினார். ஹெல்மெட்டோடு டீ குடிக்க முடியாது என்கிற ஒரே காரணத்தால் கிருபாசங்கர் அன்றைக்கு நேரத்துக்கு வேலைக்குப் போனார்.

வீட்டில் மனைவி லோகப்பிரியாவின் கண்ணுக்கு வேறு சங்கதிகள் பட்டன. பன்னிரண்டு நாளாகச் சவரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணி வாத்துக்கொள்ளச் சொன்னால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே மதியம்வரை உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, டிவி செய்திகளைப் பார்த்து அவர் யாரையும் திட்டுவதில்லை. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் இப்படி நடந்ததே இல்லை.

ஒறம்பறைக்காரர்களுக்கு, சொந்தபந்தம் அத்தனைக்கும், காரணம் வேண்டியிருந்தது. "ஊடு இருக்குது, வேல இருக்குது, பொண்ணு நல்லாப் படிக்குது, உங்களுக்கென்னங்க கொறை?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கிருபாசங்கரும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தை எடுத்து, தனக்கு என்னென்ன குறை என்று எழுதக்கூட உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் நாய் குரைக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. ஒரு குறையும் இல்லாதவனுக்கு எதற்கு இந்தக் கேடு என்று யோசித்ததில், அதுவே ஒரு புதுக் குறையாகச் சேர்ந்துகொண்டது.

லோகப்பிரியாதான் சாயிபாபா காலனியில் மனநல டாக்டர் இஸ்மத்திடம் அவரை அழைத்துப்போனாள். நாத்தனாரிடம் மட்டும் தோல் டாக்டர் என்று சொல்லிவைத்தாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் நாத்தனார் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவால்லீங்க, நல்லாவே கொறஞ்சுபோச்சு" என்று ஆறுதல் சொல்லலானார்.

டாக்டர் இஸ்மத் ஒரு மணி நேரம் கேட்டார். இதற்குப் பேர் மனச்சோர்வு என்றும், காரணம் இருந்தாலும் வரும் இல்லாவிட்டாலும் வரும் என்றும், மருந்துக்குக் கேட்கும் என்றும் சொன்னார். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, போனை வாங்கி 'தெளிவு' என்று ஒரு ஆப்பை ஏற்றினார்.

"இது வைத்தியம் பாக்காதுங்க சார். தெனமும் சாயங்காலம் உங்களக் கேக்கும். மனசு எப்படி இருக்குது, எவ்வளவு நேரம் தூங்குனீங்க, எத்தன அடி நடந்தீங்க, அவ்வளவுதான். அடுத்த தடவ நீங்க வர்றப்ப, நடுவுல இருந்த நாள்லாம் எப்படிப் போச்சுன்னு நான் இதுல பாத்துக்குவேன். இங்க வந்து உக்காந்தா யாருக்குமே பாதி ஞாபகம் வராது."

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். கிருபாசங்கருக்கே பிடித்திருந்தது. ரீடிங் எடுப்பது அவருடைய தொழில் அல்லவா.

முதல் நாள் சாயங்காலம் போன் டிங் என்றது. 'இன்று நீங்கள் எவ்வாறு உணர்கிறீர்கள்?' கீழே ஐந்து முகங்கள். முதல் முகம் அழுதது. ஐந்தாவது பல்லைக் காட்டியது. கிருபாசங்கர் உள்ளதைச் சொல்வதாக இருந்தால் முதல் முகத்தைத்தான் அமுக்கியிருக்க வேண்டும். விரல் அதன் பக்கம் போகவும் செய்தது. போனவுடனே ஏதோ கூச்சமாகிவிட்டது. ஒருத்தர் நம்மை மதித்து, நல்ல தமிழில், 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கிறார். கேட்டவர் முகத்துக்கு நேராக அழுதால் நன்றாகவா இருக்கும்? சாப்பிடாமல் வந்திருந்தாலும் "சாப்பிட்டாச்சுங்க" என்று சொல்லி வளர்ந்த ஊர்க்காரர் அவர். நாலாவது முகத்தை அமுக்கினார்.

'அருமை. உங்கள் முயற்சி தொடரட்டும்' என்று போன் ஒரு சின்னத் தாமரைப் பூவைக் கொடுத்தது.

மறுநாளும் நாலாவது முகம். அதற்கடுத்த நாள் அழுகையை அடக்கிக்கொண்டு பாத்ரூமில் நின்றபடியே நாலாவது முகம். ஏழு நாளில் ஏழு தாமரை சேர்ந்தது. நடுவில் ஒருநாள் இரண்டாவது முகத்துக்கு இறங்கலாமா என்று யோசித்தார். இவ்வளவு நாள் நல்லாயிருந்த மனுசன் திடீரென்று இப்படிச் சொன்னால் அந்த ஆப் என்ன நினைக்கும் என்று விட்டுவிட்டார். ஒரு மெஷினின் மனம் நோகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டவர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே தான் ஒருவராகத்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றியது.

முகத்தை ஏமாற்றுவது சுலபம். நடையைத்தான் ஏமாற்ற முடியவில்லை. போன் சட்டைப் பையிலிருந்தே காலடியை எண்ணியது. ஐயாயிரம் கேட்டது. இவர் கணக்கில் தொள்ளாயிரம் வந்தது. 'நாளை இன்னும் சிறப்பாகச் செய்யலாம்' என்று அது சொன்னபோது, பத்தாவதில் கணக்கு வாத்தியார் சொன்னது போலவே இருந்தது. ஒரு சாயங்காலம் துணிந்து போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் நடக்கப் போனார். வழியில் ஐந்து பேர் நிறுத்தி, "என்னங்க, சுகருங்களா?" என்று விசாரித்தார்கள். ஐந்தாவது ஆள் பாகற்காய் ஜூஸ் பற்றித் தொடங்கியதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் கம்பெனியில் மிதவை சுவிட்ச் டெஸ்ட் செய்கிற மெஷின் அவர் கண்ணில் பட்டது. ஒரு இரும்புக் கை. அதன் நுனியில் சுவிட்சைக் கட்டிவிட்டால், தொட்டியில் தண்ணீர் ஏறி இறங்குவது போல நாளெல்லாம் மேலும் கீழும் ஆட்டும். எத்தனை ஆயிரம் தடவைக்குச் சுவிட்ச் தாங்குகிறது என்று பார்ப்பதற்கு. கிருபாசங்கர் அக்கம்பக்கம் பார்த்தார். போனை எடுத்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். மனுசன் நடக்கிற வேகத்துக்குச் சரியாக வருமாறு, நொடிக்கு ஒரு ஆட்டம் என்று வேகத்தையும் திருத்தி வைத்தார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பதினாலாயிரம் காலடி ஆகியிருந்தது. ஆப் மூன்று தாமரை கொடுத்து, 'இந்த வாரத்தின் முன்னோடி' என்றது. அன்றைக்கு அவர் உண்மையில் நடந்தது டெஸ்டிங் ரூமிலிருந்து கேன்டீன்வரை.

நாற்பது நாள் இப்படி ஓடியது. லோகப்பிரியாவும் போனைப் பார்த்துவிட்டு ஒருநாள் நல்ல நடைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தாள். "ஆபீஸ்ல இவ்வளவு நடக்கறீங்க, பழைய செருப்புல காலு வலிக்குமில்லீங்க?" என்றாள். மகள் கனிஷ்கா, பிளஸ் ஒன் படிக்கிறவள், அதன் வாரை மாட்டிக்கொடுத்து, "சூப்பர்ப்பா" என்றாள். அன்றைக்கு அவர் விளக்கமாற்றால் அடிபட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சாயங்காலம் அமுக்கியது ஐந்தாவது முகத்தை.

டாக்டர் இஸ்மத்துக்குச் சந்தோஷம். கோடு மேலே மேலே ஏறுகிற படத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பிக் காட்டினார். "முகத்துல கொஞ்சம் களைப்பு தெரியுது, ஆனா ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார். அவருடைய சந்தோஷத்தைப் பார்க்கக் கிருபாசங்கருக்கும் நிறைவாக இருந்தது. வந்த காரியம் டாக்டரைக் குணப்படுத்துவதுதான் என்பது போல ஒரு நிறைவு.

"சார், ஒரு உதவி. இந்த ஆப்ல 'உடன் நடப்பவர்'னு ஒரு வசதி இருக்குது. கொஞ்சம் தேறினவங்க ஒருத்தர், இன்னும் கஷ்டப்படற ஒருத்தருக்குத் துணையா இருக்கலாம். ஒருத்தர் முகத்த, நடைய மத்தவர் பாக்கலாம், பேசலாம். தொண்டாமுத்தூர்ல ஒரு விவசாயி, சரின்னு சொல்லியிருக்காரு. உங்களுக்கு முடியும்னா மட்டும். முடியாதுன்னா தயங்காமச் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் கிருபாசங்கரின் கதை முதல் நாளே முடிந்திருக்கும். "அதுக்கென்னங்க, பாத்துக்கலாம்" என்றார்.

விவசாயியின் பேர் தம்பிதுரை. ஐம்பத்திரண்டு வயது. தென்னையும் வாழையும். தினமும் சாயங்காலம் தவறாமல் முதல் முகத்தை, அந்த அழுகிற முகத்தை, அமுக்கினார். நடை நானூறு, அறுநூறு. ஒரு பூச்சும் இல்லை. கிருபாசங்கருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு சுத்தமான ரீடிங்.

என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்காக ஆப்பிலேயே வாக்கியங்கள் தயாராக இருந்தன. தொட்டால் போதும். 'சிறு மாற்றமும் மாற்றமே' என்று இவர் அனுப்புவார். "சரிங்க" என்று தம்பிதுரையிடமிருந்து பதில் வரும். 'இருளுக்குப் பின் ஒளி உண்டு' என்பார். "சரிங்க." பத்து நாள் இப்படி இருளும் ஒளியுமாகப் போனது.

பதினோராம் நாள் தம்பிதுரையிடமிருந்து குரலாகவே ஒரு செய்தி வந்தது. மெதுவான, ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுப்பது போன்ற குரல்.

"சாருங்க, நான் தம்பிதுரைங்க. ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க தெனமும் பதினாலாயிரம் நடக்கறீங்க. எனக்குக் கட்டில்ல இருந்து எந்திரிச்சுத் தொட்டிக்குப் போறதுக்கே பொழுதாயிருதுங்க. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், மாத்திரையெல்லாம் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதானாமா. உங்களுக்கு ஏறுன மருந்து எனக்கு மட்டும் ஏனுங்க ஏறல? நான் தேறாத கேசுங்களா?"

கிருபாசங்கர் அதை நான்கு தடவை கேட்டார். பதில் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். கடைசியில் தயாராக இருந்ததில் ஒன்றைத் தொட்டார். 'ஒவ்வொருவரின் பயணமும் வேறு வேறு.' அனுப்பிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"சரிங்க" வரவில்லை.

அன்று சாயங்காலம் தம்பிதுரை எந்த முகத்தையும் அமுக்கவில்லை. மறுநாளும் அமுக்கவில்லை. மூன்றாம் நாளும் அவர் பேருக்கு நேரே சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் இருந்தது. கூப்பிட்டால் எடுக்கவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டார். அங்கிருந்த நர்ஸ், "நாங்களும் கூப்பிட்டமுங்க சார். அவங்க ஊட்டம்மாதான் எடுத்தாங்க. மாத்திரையே வேண்டாம்னு உட்டுட்டாராமா. டாக்டரு நாளைக்குப் பேசறேன்னிருக்காங்க" என்றாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல் கிருபாசங்கர் காலை எட்டு மணிக்குத் தண்ணி வாத்துக்கொண்டு, பேன்ட் சட்டை போட்டு நின்றார்.

"பிரியா, நான் தொண்டாமுத்தூர்வரைக்கும் போயிட்டு வாரேன்."

"எதுக்குங்க?"

"ஒருத்தரப் பாக்கோணும். நம்ம டாக்டர்கிட்டப் பாக்கறவரு."

லோகப்பிரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தனியா உடறதா இல்ல. இருங்க, நானும் வாரேன்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அவள் ஓட்டினாள். அவர் பின்னால் உட்கார்ந்தார். முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை முதுகுக்குச் சொல்வது சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். உக்கடம் தாண்டி, செல்வபுரம் சிக்னலில் வண்டி நின்றபோது முழுவதையும் சொல்லிவிட்டார்.

"சுவிட்ச் ஆட்டற மெசின்லயா?" என்றாள்.

"ஆமா."

"எத்தன நாளா?"

"ஐம்பது நாள் இருக்கும்."

சிக்னல் பச்சையாகிப் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. லோகப்பிரியா வண்டியை எடுத்தாள். பேரூர்க் கோயில் தாண்டியதும் சொன்னாள்.

"நானு கடைக்காரன்கிட்டப் பேரம் பேசி, நல்லா ஒழைக்கற செருப்பாப் பாத்துக் குடுங்கன்னு கேட்டு வாங்குனேன். ஒழைச்சது அந்த மெசினு."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னால் இருந்தவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முடியலீன்னா முடியலீன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள். அழுகைதான் என்று அப்போது தெரிந்தது.

தம்பிதுரையின் தோட்டம் ஊரைத் தாண்டி மலை தெரிகிற பக்கம் இருந்தது. வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி சுப்பாத்தாள், வந்தவர்கள் யார் என்று கேட்டதும் முகம் மலர்ந்து, "பதினாலாயிரம் நடக்கற சாருங்களா? வாங்க, வாங்க. ஊட்டுல உங்களப் பத்தித்தான் சொல்லுவாருங்க" என்றாள். கிருபாசங்கர் தலையைக் குனிந்தபோது புதுச் செருப்பு தெரிந்தது.

லோகப்பிரியா சுப்பாத்தாளோடு சமையலறைக்குப் போனாள். தம்பிதுரை தென்னை நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வாரக்கணக்காகச் சவரம் காணாத தாடி. வந்தவரைப் பார்த்து எழுந்து உட்கார முயன்றார். அவ்வளவு சோர்விலும், "வாங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்டார். கட்டில் ஓரத்தில் இடம் விட்டார். தூரத்தில் வேலியோரம் நாலைந்து தென்னங்கன்றுகள் சாய்ந்து கிடந்தன.

"யானைங்களா?" என்றார் கிருபாசங்கர், எங்கே தொடங்குவது என்று தெரியாமல்.

"போன மாசம் வந்துதுங்க. அதனாலதான் எனக்கு மனசு உட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லறாங்க. யானை பாவம். அது வர்றதுக்கு மொதல்லயே நான் படுத்துட்டேன்."

கிருபாசங்கர் அவர் பக்கம் திரும்பினார். "அண்ணா, நான் ஒண்ணு சொல்லோணும். நான் நடக்கலீங்க."

தம்பிதுரை பார்த்தார்.

"ஒரு நாள்கூட நடக்கலீங்க. எங்க கம்பெனில சுவிட்ச் டெஸ்ட் பண்ற மெசின் ஒண்ணு இருக்குதுங்க. மேலயும் கீழயும் ஆடும். அதுல போனக் கட்டி உட்டுட்டேன். அந்த மொகமும் பொய்ங்க. எல்லாம் பொய். உங்களுக்கு என்ன ரீடிங்கோ அதேதான் எனக்கும், மொத நாள்ல இருந்து. உங்களுக்குத் தைரியமிருந்துது, அமுக்குனீங்க. எனக்கில்ல."

தென்னை ஓலை சலசலத்தது. தம்பிதுரை தாடியைத் தடவினார். திட்டப் போகிறார் என்று கிருபாசங்கர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எதுலீங்க கட்டுனீங்க? கவுத்துலயா?" என்றார் தம்பிதுரை.

"ரப்பர் பேண்டுங்க. கவுறுன்னா நழுவும்."

"ஒண்ணு தாங்குமுங்களா?"

"மூணு போட்டேங்க."

தம்பிதுரையின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. நெடுநாள் ஓடாத மோட்டார் முதலில் வெறும் காற்றை இழுத்துத் திணறி, பிறகு சட்டென்று தண்ணீரைப் பிடிக்குமே, அப்படி ஒரு சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து சுப்பாத்தாள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப நானு மட்டும் இல்லீங்களா" என்றார் தம்பிதுரை, மூச்சு வாங்க.

"இல்லீங்கண்ணா. மாத்திரைய எப்ப உட்டீங்க?"

"மூணு நாளாச்சுங்க. உங்களுக்கு நல்லாகி எனக்கு ஆகலீன்னா, அப்புறமேலு அதத் தின்னு என்னத்துக்குன்னு உட்டுப்போட்டேன்."

தன் பொய் தன் வீட்டோடு நிற்கும் என்றுதான் கிருபாசங்கர் எண்ணியிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கேட்கத் தயங்கியதையும் கேட்டுவிட்டார். "தப்பா ஏதாச்சும் யோசன வருதுங்களா?"

தம்பிதுரை வீட்டுப் பக்கம் பார்த்தார். "வரும், போகுமுங்க. சுப்பாத்தாளுக்குத் தெரியும். பூச்சி மருந்தெல்லாம் எடுத்துட்டுப் போயி மச்சினன் ஊட்டுல வெச்சுப்போட்டா. உங்களுக்குங்க?"

"ரெண்டு தடவ வந்துது" என்றார் கிருபாசங்கர். இதை அவர் டாக்டரிடம் சொன்னதில்லை, லோகப்பிரியாவிடம் சொன்னதில்லை, தாமரை கொடுக்கிற அந்த ஆப்பிடம் சொல்லவே இல்லை. முன்பின் பார்க்காத ஒரு ஆளிடம், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாமுங்கண்ணா. ரெண்டு பேருமே."

"வாரனுங்க. ஆனா மொதல்ல நீங்க சொல்லோணும். அந்த ரப்பர் பேண்டு சமாச்சாரத்தையும் சேத்து."

மதியம் சாப்பிடாமல் சுப்பாத்தாள் விடவில்லை. கத்திரிக்காய்க் குழம்பு. இரண்டு ஆண்களும் பேசாமல் சாப்பிட்டார்கள். இரண்டு பெண்களும் வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் கிருபாசங்கர் முதலில் சொன்னார். ரப்பர் பேண்டு உட்பட. நடந்தது, நடக்காதது, அந்த இரண்டு தடவை வந்த யோசனை, எல்லாம். அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோகப்பிரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவே இல்லை.

டாக்டர் இஸ்மத் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "இதுல உங்க தப்பு பாதிதான் சார். எனக்கு அன்னிக்கே உங்க முகத்துல களைப்பு தெரிஞ்சுது. தெரிஞ்சும் கம்ப்யூட்டர்ல இருந்த கோட்டத்தான் நம்பினேன். உங்கள இன்னொருத்தருக்குத் துணையா வேற போட்டேன். ஆளு எதிர்லயே உக்காந்திருக்கறப்ப நான் படத்தப் பாத்துட்டிருந்திருக்கேன்."

மாத்திரையை மாற்றினார். வாரம் ஒருநாள் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு ஆலோசகரையும் ஏற்பாடு செய்தார். தம்பிதுரைக்கும் அப்படியே. ராத்திரியோ பகலோ, அந்த யோசனை வந்தால் உடனே கூப்பிட வேண்டிய நம்பரை இரண்டு மனைவிமார்களின் போனிலும் ஏற்றினார். ஆப் இருக்கட்டும் என்றார். "ஒண்ணே ஒண்ணு. பொய் சொல்லத் தோணுச்சுன்னா அன்னிக்கு எதையும் அமுக்காதீங்க. வெறுமயா உட்டுருங்க. வெறும் வட்டத்தப் பாத்தா நான் கூப்பிடுவேன்."

கம்பெனியில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. போனின் கனம் ஏறியதால் அந்த இரும்புக் கை ஆட்டிய சுவிட்ச் ஒவ்வொன்றின் மேலும் வேண்டாத பாரம் விழுந்திருந்தது. ஐம்பது நாள் ரீடிங்கும் செல்லாது. வேகத்தை வேறு அவர் மாற்றிவைத்திருந்தார். உட்கார்ந்து தானே அறிக்கை எழுதி, தன் கையெழுத்துப் போட்ட அத்தனை தாளையும் தானே குறுக்கே கோடு போட்டு அடித்தார். முதலாளி லட்சுமணசாமி கூப்பிட்டு என்னவென்று கேட்டார். "என் தப்புங்க. எனக்கு மனசு சரியில்லாம வைத்தியம் பாத்துட்டிருக்கறனுங்க" என்றார். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "என்ர தம்பிக்கும் இருந்துது. நாங்க கடைசிவரைக்கும் அல்சர்னே சொல்லிட்டிருந்தோம்" என்றார். டெஸ்டை மறுபடி முதலிலிருந்து நடத்தச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதே தப்புக்கு முன்பு தூக்கியடித்த இருவரையும் கிருபாசங்கர் தேடிப்போய்ப் பார்த்தார். ஒருவர் கைகொடுத்தார். இன்னொருவர், "இப்பத் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதுவும் நியாயம்தான்.

புது மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம் பிடித்தது. அதுவும் நேர்க்கோடாக இல்லை. மூன்று நாள் இரண்டாம் முகம், ஒருநாள் மூன்றாவது, மறுபடி முதல். ஒருமுறை இரண்டு நாள் வெறும் வட்டமாக விட்டதும், சொன்னபடி டாக்டர் கூப்பிட்டார். நடை ஆயிரத்தெட்டு, இரண்டாயிரத்து முந்நூறு என்று ஊர்ந்தது. தாமரை எதுவும் வரவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்ததை, மானக்கேடாக இருந்தாலும், ஆலோசகரிடம் ஒத்துக்கொண்டார்.

தம்பிதுரை அவரைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டார். தை மாதம் வாழைக்கு அவரே தண்ணீர் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போனில் பேசினார்கள். பேச்சு என்று சொல்வதற்கில்லை. லோகப்பிரியாவும் சுப்பாத்தாளும் அரை மணி நேரம் பேசித் தீர்த்த பிறகு போன் இவர்கள் கைக்கு வரும். இவர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒருத்தர் இருமுவார். இன்னொருத்தர் மழை உண்டா என்பார். அப்புறம் வெறுமனே காதில் வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் தென்னந்தோப்பில் காற்று அடிப்பது கேட்கும். இந்தப் பக்கம் போத்தனூர் ஸ்டேஷனுக்குள் ஒரு ரயில் நுழைவது தம்பிதுரைக்குக் கேட்கும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மௌனம் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது.

"சாருங்க, இருக்கறீங்களா?" என்றார் தம்பிதுரை.

"இருக்கறனுங்கண்ணா."

"சரிங்க. கரன்ட்டு வந்திருச்சு, மோட்டார் போடோணும். வெச்சர்றேன்."

"வெச்சிருங்க" என்றார் கிருபாசங்கர். கனிஷ்கா உள்ளே டிவியில் செய்தி வைத்தாள். யாரோ ஒருத்தர் எதையோ அளந்து விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கிருபாசங்கர் அவரைத் திட்டத் தொடங்கினார்.